எனக்கொரு உயரம், அவளுக்கொரு உயரம்

எதுவும் கோணலாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் வாசலைத் திரும்பத் தெளித்துவிட்டு முதலிலிருந்து போடுவேன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு எல்லாமே சம்மதமாக இருந்தது, அடுப்படியைத் தவிர.

கொல்லைப்புறத்தில் தாழ்ந்த கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்த அறை அது. சன்னல் கிடையாது. தரையில் இரண்டு மண் அடுப்புகள். பகலிலும் உள்ளே விளக்கு வேண்டும். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கொஞ்ச காலத்தில் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி என் ஓரகத்தி வந்தாள். என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு போகம் நெல் விளையும் வயல்கள் எங்களுடையவை. நடவு, அறுப்பு என்றால் வேலையாட்களுக்கும் சேர்த்து நாங்கள் இருவரே பொங்கினோம். புகையில் அவளுக்குக் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இடுப்பும் போய்விட்டது. அடுப்பு முன் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள்.

கம்பத்தில் ஒரு வியாபாரி வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, நின்றபடி சமைக்கிற அடுப்புத் திட்டை முதன்முதலாகப் பார்த்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம், வண்டியிலேயே என் வீட்டுக்காரரிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். தை அறுப்பு முடியட்டும் என்றார்.

ராயப்பன்பட்டியிலிருந்து கொத்தனார் வந்தார். சர்ச்சு வேலையில் கை பழகியவர். பழைய சுவர்களை இடித்து, கூரையை உயர்த்தி, ஓடு போட்டார். அடுப்புத் திட்டு விஷயத்தில்தான் அவருக்கும் எனக்கும் மோதல். ஒரே திட்டில் இரண்டு உயரம் வேண்டும் என்றேன். எனக்கொரு உயரம், என் ஓரகத்திக்குக் கொஞ்சம் இறக்கி ஒரு உயரம். இருவரும் கையில் கரண்டியோடு நிற்க, அவர் சுவரில் கரியால் கோடு போட்டார். கட்டி முடித்ததும் அவளைப் பானையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். தோள் ஏறியது. இடிக்கச் சொன்னேன். அடுத்ததில் குனிய வேண்டியிருந்தது. அதையும் இடிக்கச் சொன்னேன். தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் அது வாய்க்காலுக்கு ஓடாமல் மூலையில் தேங்கியது. தரையையும் பெயர்த்தோம்.

கொத்தனார் தன் கொத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆத்தா, நான் சர்ச்சுல பீடமே கட்டியிருக்கேன். அங்கன கூட என்னய இத்தன தடவ இடிக்கச் சொல்லல."

அன்று போனவரை என் வீட்டுக்காரர் போய்ச் சமாதானம் சொல்லித்தான் அழைத்துவந்தார். புகைபோக்கியின் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு ஆடிக் காற்று வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னேன். குமுளிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று புகையைத் திருப்பி உள்ளே அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண் அல்லவா?

அத்தனை மாதமும் மாட்டுக்கொட்டத்தை ஒட்டிக் கீற்றுச் சாய்ப்பு போட்டுச் சமைத்தோம். அங்கே உட்கார்ந்து என் ஓரகத்தி புது அடுப்படியில் எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். உப்புச் சாடி அவள் பக்கம், புளிப்பானை என் பக்கம். "நீங்க ஒங்க பக்கம் நில்லுங்க, நான் என் பக்கம் நிக்கேன், குழம்பு மட்டும் நடுவுல இருக்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆடி வந்தது. புகைபோக்கியின் வாயைக் கிழக்கே திருப்பி வைத்ததும் புகை நூல் பிடித்தாற்போல் வெளியேறியது. பூச்சு மட்டும்தான் பாக்கி. அந்த வாரத்தில்தான் ஒரு மதியம், நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கொழுந்தனார் இலையைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணே, கூடலூர்ல ஏலக்கா யாவாரம் பாக்கலாம்னு இருக்கேன். தனியா இருந்து பாக்குறேன்."

என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். தம்பி மனதில் வெகுநாளாக இது இருந்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னார். சண்டை இல்லை. பெரியவர்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். வயலைப் பிரித்தார்கள். வீடு எங்களுக்கு என்று ஆனது. எல்லாம் மரியாதையாகவே நடந்தது.

ஓரகத்திக்கும் அந்த மதியம்தான் தெரியவந்தது. சாய்ப்பில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குப் போக இஷ்டமா?" என்றேன்.

"எனக்கு இங்கனயே போதும்க்கா. ஆனா என்னய யாரு கேட்டாக?"

புறப்படுவதற்கு முன் புது அடுப்படியில் அவள் கையால் பால் காய்ச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பூச்சு காய்ந்துவிட்டது. அவள் மாட்டேன் என்றாள். அங்கே ஒரு தரம் நின்று சமைத்துவிட்டால் பிறகு போகக் கால் வராது என்றாள். வண்டியில் பாய், பானைகளுக்கு நடுவே பிள்ளைகளோடு ஏறிப் போனாள். மறுநாள் நான் தனியாகப் பால் காய்ச்சினேன். ஊரே வந்து பார்த்து மெச்சியது. திட்டின் அந்தப் பக்கத்தில் வெறும் தவலையை ஏற்றி வைத்தேன். அந்த உயரத்தில் வேறு யாராலும் சமைக்க முடியாது.

பல மாதம் கழித்துக் கூடலூர் போனேன். மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு. உள்ளே ஒரே அறை, அதன் மூலையில் தரையோடு அடுப்பு. அவள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற என்னை யாரோ என்று பார்த்தாள். நான் பேசிய பிறகுதான், "அக்காவா" என்று சுவரைப் பிடித்து எழுந்தாள்.

திரும்பியதும் அவளுக்கு ஒரு திட்டுக் கட்டிக்கொடுக்கக் கொத்தனாரை அனுப்பிவைத்தேன். கொழுந்தனார் அவரைத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை போனபோது என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "மதினி, எங்க வீட்டு அடுப்ப நாங்க பாத்துக்கிறோம்." தனியாகப் போனவன் அண்ணன் வீட்டுக் கையை எதிர்பார்க்கிறான் என்று ஊர் பேசும் என்ற பயம் அவருக்கு. கெட்டவர் இல்லை. யாவாரம் கூடினதும் சொந்த வீடு கட்டுகிறேன் என்றார். கட்டவும் செய்தார்; அங்கேயும் தரையோடுதான் அடுப்பு. அதற்குள் அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு வேலை ஓய்ந்த நாட்களில் பஸ் பிடித்துக் கூடலூர் போய்விடுவேன். அவளை அடுப்பைவிட்டுத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, நான் ஊதுவேன். என் கண்ணிலிருந்தும் நீர் வடியும். காய் வெந்துவிட்டதா என்று அவள் கேட்பாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஆற்றி, அவள் உள்ளங்கையில் வைப்பேன்.