சித்தியின் அடைத்த காது

வளைகுடாவில் சண்டை ஓய்ந்த கையோடு சித்தி சவுதியிலிருந்து வந்து இறங்கியபோது அவளுக்கு இரண்டு காதும் அடைத்திருந்தன. வீட்டில் அத்தனை பேருக்கும் அதில் கோபம். அப்பாவுக்கு விமானக் கம்பெனி மேல். அம்மாவுக்கு, மூக்கு நிறையச் சளியோடு விமானம் ஏறிய தங்கை மேல். எனக்கு, பேச வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போனதில். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. நான் நான்காம் வகுப்பு.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டின் மேலேயே அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். காற்று விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

"லாரி டயருக்கே நான் மீட்டர் வெச்சுப் பாத்துதான் காத்து அடிக்கிறேன். மனுசங்கள ஏத்திக்கினு போறவன் பாக்க வேணாவா? எங்கியோ ஓட்ட வுட்டுட்டான்," என்று சித்தியின் காதருகே கத்தினார்.

சித்தி நர்ஸ். தப்பாக யார் பேசினாலும் அவளுக்குப் பொறுக்காது. காது அடைத்தவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது என்பதால், அவளும் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"ஓட்ட அவங்க வெச்சதுதான் மாமா. வாலாண்ட ஒரு சின்னக் கதவு கீது. அது தெறந்து மூடித்தான் உள்ள அழுத்தம் நிக்குது."

பக்கத்து சீட்டில் ஒரு விமான மெக்கானிக் வந்தாராம். பம்பாயில் இறங்கத் தொடங்கும் வரை எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் சித்திக்குக் கேட்கவில்லை.

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசாம், மூச்சுக்குப் போதாதாம். குளிரோ ஐஸ் பெட்டியை விட மோசம். அதனால் இஞ்சின் வெளிக்காற்றை இழுத்து நசுக்குகிறது. பம்பு அடித்தால் அடிப்பக்கம் சுடுவது போல, நசுங்கிய காற்று நெருப்பாகக் கொதிக்கும். அதில் கொஞ்சத்தைப் பிரித்து, ஆற வைத்து, அளவான சூட்டோடு உள்ளே அனுப்புகிறார்கள். மூச்சுக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். தனியாக அடுப்பு எதுவும் கிடையாது.

"அப்போ தரையில கீற அழுத்தத்தயே உள்ள வெச்சுக்கறதுதானே?" என்றார் அப்பா, விடாமல்.

"அதிகமா அடிச்சா டயர் தாங்குமா? அதத் தாங்கற மாதிரி பாடி கட்டினா கனம். அதனால ஊட்டி மலையில கீற அளவுதான் வெப்பாங்க. எறங்கறப்போ மறுபடி ஏத்துவாங்க. மூக்கு சுத்தமா இருந்தா, எச்சில் முழுங்கினா காது சரியாயிடும். எனக்குச் சளி. வழி தெறக்கல, வெளிக்காத்து செவிப்பறைய உள்ள தள்ளிடுச்சு. போகப் போகத் தெறக்கும்."

அப்பாவின் கோபம் இடம் மாறியது. குண்டு விழுகிற ஊருக்கு ஒரு பெண்ணை இன்னொரு தடவை அனுப்புவதில்லை என்று முடிவு கட்டினார். காது கேட்காதவள்தானே என்ற தைரியத்தில், கூடத்தில் சித்தியை வைத்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் பேசினார். மணிமங்கலத்தில் ஒரு வரன் இருந்தது. பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் பேச்சு. "பாஸ்போர்ட்ட கடைப் பொட்டியில வெச்சு பூட்டிட்டேன். தாலி ஏறட்டும், அப்புறம் தரலாம்," என்றார். சித்தி குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். சித்தி கேசரித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா பெயர் கேட்டார். சித்தி சிரித்தாள். எங்கே படித்தாய் என்று கேட்டார். அதற்கும் அதே சிரிப்பு.

"இன்னாங்க இது, பொண்ணு செவிடா?"

அப்பாவுக்கு வேர்த்தது. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்காததைப் பார்க்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓடிப்போய் சைக்கிள் பம்பை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் நின்றேன்.

"எங்க சித்தி செவிடு இல்ல. பிளேன்ல காத்து அடிப்பாங்க, அதுல அடைச்சுக்கிச்சு," என்று ஆரம்பித்து இஞ்சின், நெருப்புக் காற்று, வால் கதவு, ஊட்டி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மூச்சிரைக்கப் பம்பு அடித்து, மாப்பிள்ளையின் விரலைப் பிடித்து அடிப்பக்கம் வைத்துச் சுடுகிறதா என்று கேட்டேன். அவர் சுடுகிறது என்று ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு உயிர் வந்தது. சித்தி மட்டும் என்னைக் கண்களாலேயே பொசுக்கிவிடுவது போலப் பார்த்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "காது மந்தமா இருந்தா இன்னா இப்போ. வாயும் மந்தமா இருந்தா இன்னும் நல்லது. வேலையும் கீலையும் வுட்டுட்டு வூட்டோட கெடப்பா."

சித்தி தட்டைக் கீழே வைத்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கத்தாமல் பேசினாள்.

"வாய் நல்லா இருக்குதும்மா. வேலய நான் வுட மாட்டேன்." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "பாஸ்போர்ட்ட கடைப் பொட்டியிலருந்து எடுத்துக் குடுத்துடுங்க மாமா. என்ன வெச்சுக்கினே எனக்கு முடிவு கட்டறீங்க. நான் இன்னா உங்க கடைக்கு வந்த டயரா?"

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் எழுந்தார்.

பாஸ்போர்ட் பேச்சு நடந்தது முந்தின வாரம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த நிமிஷத்தில்தான், அதுவும் நான் விளக்கியதால்தான் காது திறந்துவிட்டது என்று நம்பினேன். கார் வரைக்கும் அவர்கள் பின்னால் ஓடி, சித்திக்குக் காது கேட்கிறது, திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குணமான நேரம் பார்த்துக் கிளம்பிப் போகும் முட்டாள்கள் என்று அழுகை முட்டும் அளவுக்குக் கோபம் வந்தது.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மழைக்காலத்துக்கு முன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சித்தி திரும்ப சவுதிக்கு வேலைக்குப் போனாள். வழியனுப்ப மீனம்பாக்கம் வரை வந்த அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே திரும்பி வந்தபோது அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சித்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். குடும்ப மானம் போச்சு, உன்னால் நாங்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றெல்லாம் சொன்னாள். அப்படித் திட்டிக்கொண்டே சித்தியின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கூந்தலை மெல்ல மெல்லக் கோதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் இப்படியும் கை அப்படியுமாக ஒருத்தி எப்படி இருக்க முடியும் என்று விளங்காமல், பம்பும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.