பெரியமீனக்கா வாங்கிய மத்தி

அவளுடைய நிஜப் பெயர் மீன் சந்தையில் யாருக்கும் ஞாபகமில்லை. கேட்டால் அவளே ஒரு கணம் யோசிப்பாள். எல்லோருக்கும் அவள் பெரியமீனக்கா. ஆள் என்னவோ ஒல்லிதான். ஆனால் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால், சுறாவோ வாள்மீனோ ஆளுயரச் சூரையோ, அரை மணி நேரத்தில் துண்டு துண்டாகிவிடும். மீன் வயிற்றுக்குள் கிடக்கும் எதுவும் அவள் விரலுக்குத் தப்பியதில்லை. தூண்டில் முள் எடுத்திருக்கிறாள், நைலான் வலை எடுத்திருக்கிறாள், ஒருமுறை பிளாஸ்டிக் பொம்மையின் கால் ஒன்றையும் எடுத்தாள். அதைக் கழுவி மேடைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா!

எதிர் மேடை நெத்திலிக்காரருடையது. நெத்திலி, மத்தி தவிர வேறெதையும் தொடாத மனிதர். இருபத்திரண்டு வருஷமாக அவரைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது விடிந்ததில்லை.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை வீட்டுப் பூனைக்கு விருந்து?" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைப்பார்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு வந்த மீனிலேயே நல்லதை முதலில் அவரவர் வீட்டுக்கென்று எடுத்து மேடைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் அது விற்பனைக்கு இல்லை. பெரியமீனக்கா எடுத்து வைப்பது சுறாவின் வயிற்றுத் துண்டு. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அது முழுசாக அவள் தட்டுக்குத்தான் போனது. பெற்ற மகனுக்குக்கூட வால் பக்கம்தான். மருமகள் பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள், அத்தை வைத்த துண்டை வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்படியே ஐந்தாம் மாதம் வந்துவிட்டது, வாரத்துக்கு நாலு நாள் சுறாவோடு.

அந்த மாதப் பரிசோதனைக்குப் போய் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. சுறா, வாள்மீன் எல்லாம் இனிமே சாப்பிடக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. அதுல பாதரசம் இருக்காம். குழந்தையோட மூளைக்கு ஆகாதாம்."

பெரியமீனக்கா பயந்துதான் போனாள். ஆனால் வாய் ஒத்துக்கொள்ளுமா?

"நான் வெட்டின மீன்லயா? அப்படி ஒன்னு இருந்தா என் கையில மாட்டாம எங்கே போகும்?"

பாதரசம் அவள் பார்க்காததா! மகன் சின்ன வயதில் தெர்மாமீட்டரை உடைத்தபோது, வெள்ளி மணிகளாகக் கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியதே! அதனால் மறுநாள் சந்தை ஓய்ந்ததும், ஒரு கிலோ சுறாவை மேடையில் போட்டுக் காகிதக் கனத்துக்குச் சீவினாள். ஒவ்வொரு சீவலையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க, பொம்மையோட இன்னொரு காலா?" என்றார் நெத்திலிக்காரர். இத்தனை வருஷத்தில் மனிதர் அடித்த முதல் கேலி. அதைக்கூடக் காதில் வாங்காமல் அவள் அடுத்த சீவலை எடுத்தாள்.

சீவல்களை டப்பாவில் அடைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸின் மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

"ஒன்னும் கிடைக்கலை. எந்த இடத்துல இருக்குன்னு காட்டும்மா, எடுத்துப் போட்டுடறேன்."

அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, சிரிக்கவில்லை. "மணி மணியா இருக்காதும்மா. சதை முழுக்க ஊறிப்போய் இருக்கும். கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது. சரி, சுறா வயித்தைக் கிழிச்சா உள்ளே என்ன இருக்கும்?"

"மீன்தான்."

"அந்த மீன் வயித்துல?"

"அதைவிடப் பொடி மீன்."

"அந்தப் பொடி மீன்ல ஒரு துளிதான் இருக்கும். அதுல நூறைத் தின்னது ஒன்னு, அந்த மாதிரி ஆயிரத்தைத் தின்னது சுறா. அதுவும் எத்தனை வருஷமா!"

பெரியமீனக்கா டப்பாவை மூடினாள். முப்பது வருஷமாகத் தன் கையாலேயே கிழித்துப் பார்த்த விஷயம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ என் பேரப்பிள்ளைக்கு நானேதான் விஷத்தை ஊட்டினேனா?"

"தெரிஞ்சா குடுத்தீங்க? ரத்தம் எடுத்திருக்கோம், வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும். ஆனா மீனையே நிறுத்திடாதீங்க, குழந்தைக்கு நல்லது. மத்தி, நெத்திலின்னு சின்ன மீனா வாரம் ரெண்டு தடவை குடுங்க."

கடலில் எத்தனையோ மீன் இருக்க, இந்தப் பெண்ணின் வாயில் அந்த இரண்டும்தானா வர வேண்டும்!

வெள்ளிக்கிழமை வரை அவள் கத்தியைச் சரியாகத் தீட்டவில்லை. யாரோடும் வம்புக்கும் போகவில்லை. அளவு கொஞ்சம் கூடுதல்தான், பயப்படும்படி இல்லை, இப்போது நிறுத்திவிட்டால் மெல்ல இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலை, கூட்டம் நெரிகிற நேரம். அவள் மேடையிலிருந்து எதிர் மேடைக்கு எட்டே எட்டு எட்டு. மகனை அனுப்பலாம்தான். ஆனால் அவனுக்கு மீன் பார்க்கத் தெரியாது, நேற்றைய மீனை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். கையைத் துடைத்துக்கொண்டு அவளே போனாள். இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் கத்திகள் நின்றன.

"அரைக் கிலோ மத்தி குடுங்கண்ணே."

நெத்திலிக்காரர் அவசரப்படவில்லை. தராசைத் துடைத்தார். மேடைமேல் கிடந்ததில் இரண்டு கை அள்ளித் தட்டில் போட்டார். தராசு முள் நிற்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு சந்தைக்கே கேட்கும்படி கேட்டார்.

"பூனைக்கா?"

சந்தை குலுங்கியது. இருபத்திரண்டு வருஷச் சிரிப்பு அல்லவா! பெரியமீனக்காவின் காது சிவந்துவிட்டது. ஆனால் தலை குனியவில்லை.

"ஆமாண்ணே, பூனைக்குத்தான். வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

சிரிப்பு நின்றது. நெத்திலிக்காரர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தட்டில் இருந்ததைத் திரும்பக் கொட்டிவிட்டு, குனிந்து, மேடைக்கு அடியில் தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த கூடையை வெளியே இழுத்தார்.