மகள் காலில் இறுகிய காப்பு

என் மூத்த மகளுக்கு ஒன்றேகால் வயதில் கால்காப்பு இறுகிவிட்டது. அதைப் பார்த்து நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி. வடமதுரைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கத்தரியும் வெங்காயமும் போடுவோம். மானாவாரிக் காட்டில் நிலக்கடலை. வீட்டில் ஒரு எருமை, ஏழெட்டுக் கோழிகள். பால் டீக்கடைக்குப் போகும், முட்டை சைக்கிளில் வரும் வியாபாரிக்குப் போகும். வசதியான வீடு இல்லைதான். ஆனாலும் பட்டினி கிடந்த வீடும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு வறுமையை மட்டும் காரணம் காட்டி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

மகளுக்குப் பத்து மாதம் நடக்கும்போதே எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அதை முதலில் கண்டுபிடித்தவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தார். என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "அடுத்தடுத்து வந்தா மூத்தது சவலையாப் போகுமே" என்றார்.

சவலை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தாய் மறுபடி உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை, எலும்பும் தோலுமாக, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு கிடக்கும். நாத்தனாரின் மூத்த பையன் அப்படிக் கிடந்து பிழைத்தவன். தான் பட்டதைத்தான் அவர் சொன்னார். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளையைச் சவலையாக விட்டுவிடுவேனா, பார்த்துவிடலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முதல் வேலையாகப் பாலை நிறுத்தினேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் பால் குழந்தைக்கு ஆகாது என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டேன். மகள் வாய் வைப்பாள், முகத்தைச் சுளிப்பாள், என்னைப் பார்த்து அழுவாள். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் என்னிடம் வரவில்லை.

அப்புறம் என்ன கொடுப்பது? பருப்பு வாயு. முட்டை மாந்தம். கீரை பேதியாகும். கடலை பித்தம். எருமைப்பால் செரிக்காது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளியதில் கடைசியாக மிஞ்சியது அரிசிக் கஞ்சி. பெரியவர்கள் நாங்கள் கம்பும் சோளமும் தின்றோம். அவளுக்கு மட்டும் நல்ல வெள்ளை அரிசியைக் குழையக் காய்ச்சி, வடிகட்டி, சர்க்கரை போட்டு நான்கு வேளையும் ஊட்டினேன். என் பிள்ளைக்குப் போல் வேறு யார் பிள்ளைக்கு நடக்கிறது என்ற நினைப்பு வேறு.

ஐப்பசிக் கடைசியில் கடலை வந்தது. முற்றத்தில் குவித்து வைத்து நானும் நாத்தனாரும் உட்கார்ந்து உடைத்தோம். மகள் தவழ்ந்து வந்து முறத்திலிருந்து ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். நான் வாய்க்குள் விரலை விட்டு எடுத்து எறிவேன். மறுபடி எடுப்பாள், மறுபடி எறிவேன். கொஞ்ச நாளில் எடுப்பதை விட்டுவிட்டாள். முறத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் உட்கார வைத்தபடியே இருந்தாள்.

"எம்புட்டுச் சமத்தாயிட்டா பாத்தீங்களா மதினி" என்று நாத்தனாரிடம் சொல்லிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு உடம்பு போட ஆரம்பித்தாள். கன்னம் உப்பியது, கைகால் உருண்டது. நாத்தனார் வரும்போதெல்லாம் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். இதுவா சவலை என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கண் பட்டுவிடும் என்று கன்னத்துப் பொட்டைப் பெரிதாக்கினேன். முடி செம்பட்டையானது, எண்ணெய் போதவில்லை என்றேன். காலில் தோல் கறுத்து உரிந்தது. கரப்பான் என்று குப்பைமேனியை அரைத்துப் பூசினேன். எதற்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

தை மாதம் காப்பு இறுகியது. என் தம்பி தாய்மாமன் சீராகப் போட்ட வெள்ளிக் காப்பு அது. கழற்றப் பார்த்தால் வரவில்லை. வீட்டுக்காரர் வெங்காய மூட்டையோடு திண்டுக்கல் சந்தைக்குக் கிளம்பிய அன்று நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வயிற்றில் ஏழு மாதம்.

காப்பு செய்த ஆசாரியின் கடை சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"பிள்ளை வளந்துட்டா. காப்பைப் பெருசு பண்ணிக் குடுங்க" என்றேன், நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி.

அவர் மகளின் காலைத் தன் மடியில் வைத்து, குறடால் காப்பை மெல்ல விரித்துக் கழற்றினார். காப்பு இருந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அவர் காத்திருந்தார். எதற்கென்று தெரியாமல் நானும் காத்திருந்தேன். குழி மேலே வரவில்லை. மகள் காலை இழுக்கவில்லை, அழவும் இல்லை. புது ஆள் தொடுகிறார் என்று அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இது சதை இல்ல தாயி. வீக்கம்" என்றார்.

"நாலு வேளையும் கஞ்சி குடிக்கிறாளே" என்றேன்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இப்பிடித்தான் கொழுகொழுன்னு இருந்துச்சு. ஊர்க்கண்ணு பட்டுரும்னு வெளிய காட்டாமயே வச்சிருந்தோம். அது செத்ததுக்கப்பறந்தான் வீக்கம்னு ஒருத்தர் சொன்னாரு." காப்பைத் துணியில் சுற்றி மேசைக்குள் வைத்தார். "இது எங்கிட்ட இருக்கட்டும். செத்த நேரம்கூட நிக்காதீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். மகளின் தலையில் நாலைந்து முடியைப் பிடித்து இழுத்தார். வலியில்லாமல் கையோடு வந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது.

"இது சவலைம்மா" என்றார். "மெலிஞ்சாத்தான் சவலைன்னு நினைச்சிட்டிருக்கீங்க. வீங்குற சவலையும் உண்டு. கஞ்சி வயித்தை நிரப்பும், அவ்வளவுதான். இப்ப இவளுக்கு ஒரு பேதியோ சளிக் காய்ச்சலோ வந்தாக்கூடத் தாங்க மாட்டா."

நாத்தனார் சொன்னதுதான் நடந்திருந்தது. அவரிடம் தோற்கக் கூடாது என்று பார்த்த எனக்கு, மகளைப் பார்க்கத் தெரியவில்லை. அந்த வராந்தாவில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முதலில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். பிறகு முட்டை, பிறகு வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் இடித்து வெல்லம் போட்ட மாவு. எதையெல்லாம் தள்ளினேனோ, அதெல்லாம் மருந்தாக வந்தது. அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "வீக்கம் வடிஞ்சதும் பிள்ளை ரொம்ப மெலிவாத் தெரியும். பயந்து நிறுத்திராதீங்க."

அவர் சொன்னபடியே வடிந்தது. வீக்கத்துக்குள்ளேயிருந்து வெளிவந்தவளைப் பார்க்க முடியவில்லை. விலா எலும்பை எண்ணலாம். தொடைத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. "நல்லா இருந்த பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி உரிச்சுல்ல கொண்டாந்திருக்கா" என்று தெருவில் என் காதுபடவே பேசினார்கள். வீட்டுக்காரருக்கும் மனசு ஆடிவிட்டது. "கொஞ்ச நாளைக்கு முட்டைய நிறுத்திப் பாப்பமா?" என்றார்.

நானும் ஆடிப்போனேன், பொய் சொல்வானேன். அன்றைக்கு முட்டை அவிக்கவில்லை. மாவு டப்பாவைத் திறக்கவில்லை. அடுப்பில் பழையபடி அரிசிக் கஞ்சியை ஏற்றிவிட்டு, கை சும்மா இருக்கமாட்டாமல் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனாரும் வந்து உட்கார்ந்தார்.

எதிரே பாயில் கிடந்த மகள் புரண்டாள். கையை ஊன்றினாள். நின்று நின்று, மூச்சு வாங்கித் தவழ்ந்து வந்து, முறத்தில் கைவிட்டு ஒரு பருப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

என் விரல் பழக்கத்தில் தானாக நீண்டது. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. அவளா எடுத்துத் திங்கிறா. எம் பயலுக்கும் மொதல்ல வாய்தான் கேட்டுச்சு, அப்பறந்தான் உடம்பு தேறுச்சு." மகளிடமிருந்து பருப்பை வாங்கி, கல்லில் நுணுக்கி, அவரே ஊட்டினார். அவள் இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் மதினி" என்றேன்.

"பலிக்கக் கூடாதுன்னு சொன்னது அது" என்றார். "போ, முட்டைய அவி."

கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு முட்டை அவித்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் நிறுத்தவில்லை. முட்டை வியாபாரி சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பங்குனியில் பையன் பிறந்தான். அடுத்த கடலை எடுப்பதற்குள் மகள் ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு ஆசாரி கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். கேட்கப் பயந்தவர்போல் என் பின்னால் பார்த்தார். சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்தார்.

துணியைப் பிரித்துக் காப்பை எடுத்தார். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். போட்டுப் பார்த்தார், இறுகியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மகளின் காலை மடியில் வைத்து, பாதத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். சதை அந்தக் கணமே மேலே வந்துவிட்டது. மகளோ வீலென்று கத்தி அவர் கையில் ஓர் உதை விட்டாள். பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து அவர் வேட்டியெல்லாம் நனைந்தது.

அவர் ஈரத்தைத் துடைக்கவில்லை. கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார். "இப்பப் பெருசு பண்ணலாம் தாயி" என்றார்.

அவர் வேலையை முடிக்கிற வரைக்கும் மகள் அழுகையை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.