குளியலறைத் தாழ்ப்பாள்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடமாகக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டவர். எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டில் யார் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் குளித்தாலும் அதில் அவருக்குப் பங்கு உண்டு. மயிரிழை பிசகினாலும் கழற்றிவிட்டு மறுபடி போடுவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தாழ்ப்பாள்காரர் என்றால் வழி சொல்வார்கள்.

குடலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மனிதராக இருந்தவர் நோயாளி ஆனார். அதன்பின் யாரும் அவரிடம் பேசவில்லை. அவரை நடுவில் உட்காரவைத்து அக்காவிடம் விசாரித்தார்கள்.

"சாப்பிடறாரா? வயிறு சரியா போகுதா?"

வியாதி காதில் இல்லை என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மாமாவின் வயிற்று நிலவரத்தைத் தெருமுனை வரை ஒப்பித்துவிட்டு வருவார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மாமா குளியலறையில் லேசாகத் தடுமாறினார். உடனே குடும்ப மாநாடு கூடியது. தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம். சம்பந்தப்பட்டவரும் அங்கேதான் இருந்தார். அவருக்கு ஓட்டு இல்லை. கழற்றும் பொறுப்பு, புத்திசாலி என்று பெயரெடுத்த எனக்கு வந்தது. அவருடைய திருப்புளியையே அவரிடம் கேட்டு வாங்கினேன்.

"இடப்பக்கமா திருப்பு மாப்ளே, அப்பதான் கழலும்," என்றார்.

அன்று முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தலை குளியலறைக்குள் எட்டிப் பார்த்தது. "ஒண்ணுமில்லையே?" எங்கள் அன்பில் அந்த மனிதர் ஒருநாள்கூட நிம்மதியாக ஒன்றுக்கு இருக்கவில்லை. ஆனாலும் என்ன தைரியம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று நானே போவோர் வருவோரிடம் மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் நான் போனேன். மாமா குளியலறைக் கதவின் முன் உட்கார்ந்து புதுத் தாழ்ப்பாளைப் பொருத்திக்கொண்டிருந்தார். மருந்தில் மரத்துப்போன விரல்களிலிருந்து ஸ்க்ரூ மூன்று முறை நழுவியது.

"குடுங்க மாமா, நான் போடறேன்."

"உனக்குக் கழட்டத்தான் தெரியும். தள்ளு."

முடித்தபோது தாழ்ப்பாள் கோணலாக இருந்தது. பார்த்தார். கழற்றவில்லை. உள்ளே போய்த் தாழிட்டார். குழாயைத் திறந்துவிட்டார்.

தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவர் அழுகை கேட்டது. நாலு மாத அழுகை. அதற்கும் ஒரு கதவு வேண்டும் என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பயமாகவும் இருந்தது. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். பையோடு வந்து நின்ற அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை.

வாசலில் எதிர்வீட்டுக்காரர் ஆஜர். "இன்னிக்கு எப்படி இருக்காரு?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ள இருக்காரு. உக்காருங்க. வந்ததும் அவர்கிட்டயே கேளுங்க."