எட்டு மணிக்குள் ஐந்து மைல்

பிள்ளைகள், நீங்கள் மூன்று பேரும் இதை ஒன்றாக இருந்து வாசியுங்கள். அப்பா கால் முறிந்து நாலு மாதம் கட்டிலில் கிடந்ததும், பிறகு ஒரு திங்கட்கிழமை சைக்கிளில் வேலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். படலையடியில் நின்று கை காட்டி அனுப்பினீர்கள். ஆனால் அன்றைக்கு வழியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஏசுவதற்காக எழுதவில்லை, பயப்பட வேண்டாம். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல் வருகிறது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பியோன். பியோன் என்றால் மணி அடிக்கிற ஆள் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். மணி அடிப்பது முழுநாளுக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. மிச்சமெல்லாம் சைக்கிள்தான். கல்வி அலுவலகமான கந்தோருக்குக் கடிதம், மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள், ஒரு ரீச்சர் வராவிட்டால் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்பது. அந்தச் சண்டை நாட்களில் போன் இல்லை. பெற்றோல் இல்லை. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே பெடல் உழக்கத் தெரிந்த இரண்டு கால்தான் என்னுடைய உத்தியோகம்.

அதில் ஒன்றுதான் முறிந்தது. மாரி மழை தொடங்க முன்னம் கூரைக்கு ஓலை வைக்க ஏறி, சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே, வலது கால். முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, "அசையப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசியும் போய், கார்த்திகையும் போய், தைப்பொங்கலுக்கும் நான் கட்டிலில் இருந்துதான் பொங்கல் சாப்பிட்டேன்.

மாசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட அதிபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"உம்மை விட எனக்கு மனமில்லை. மணியைக் கணக்கு மாஸ்ரர் அடிக்கிறார். கடிதத்தை ஆர் கொண்டு ஓடுறது? திங்கக்கிழமை எட்டு மணிக்கு முதல் நீர் சைக்கிளிலை வந்து நிக்கவேணும். ஆரும் பின்னுக்கு டபிள்ஸ் ஏத்திக்கொண்டு வந்து இறக்கிறதெண்டால் வரவேண்டாம். வராட்டி, வேறை ஆளைக் கேட்டுக் கந்தோருக்கு எழுதத்தான் வேணும். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கேல்லை சேர். வாறன்," என்றேன்.

அவர் போனதும் அம்மா தொடங்கினா. "ஓம் எண்டு நீங்கள் சொல்லிப்போட்டியள். கால் ஓம் எண்டு சொல்லிச்சுதோ?"

"பேசாமல் இருமப்பா. கால் என்ரை கால்தானே."

ஆனால் அம்மா கேட்டது சரி. அந்தக் காலால் நான் ஒரு முழுப் பெடலும் உழக்கிப் பார்க்கவில்லை. ஞாயிறு வரைக்கும் நடக்க மாத்திரம் செய்யலாம், உழக்கக் கூடாது, திங்களிலிருந்து உழக்கிப் பாரும் என்பது பரியாரியாரின் கட்டளை. அவருடைய சொல்லை மீறி எலும்பு திரும்ப விலகினால் யாரைக் குறை சொல்வது?

நான் கிடந்த நாலு மாதமும் சைக்கிள் சும்மா கிடக்கவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் நின்று வருஷக் கணக்கு. பற்றறிக்குத் தடை. சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் முட்ட வைத்து, அதன் வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் இருந்து பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ பாடும். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். நீங்கள் மூன்று பேரும் முறை வைத்துச் சுற்றுவீர்கள். கை களைத்தால் செய்தி வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டும். "சுத்தடா, சுத்தடா, ஆள் சாகப்போறார்!" என்று மற்ற இரண்டு பேரும் கத்துவீர்கள். டைனமோவின் சுருள்கம்பி தளர்ந்து போனதால், அது ரயரை விட்டு விலகாமல் இருக்கப் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி இறுக்கிக் கட்டியும் வைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் நான்தான் கழற்றினேன். கட்டை அவிழ்த்து டைனமோவை விலக்கி விட்டேன். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். காற்று அடித்தேன். நீங்கள் மூன்று பேரும் செத்த வீட்டில் இருப்பதுபோல முகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றீர்கள். எனக்கோ கலியாண வீடு. திங்கள் விடிந்ததும் கிணற்றடிக்குப் போய்விட்டேன். மாசிப் பனி, தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விறாந்தையில் றேடியோ பாடுகிற சத்தம் கேட்டது. வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டு நானும் சேர்ந்து பாடினேன். றேடியோ எப்படிப் பாடுகிறது என்று ஒரு சொட்டும் யோசிக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டேன். முந்தி அரை மணித்தியாலத்தில் போய்ச் சேருகிற ஐந்து மைல். இன்றைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் கையில் இருக்கிறது. மதிலோடு சைக்கிளைச் சாய்த்து ஏறி, சின்ன ஒழுங்கையை விட்டுப் பெரிய வீதியில் ஏறினபோது, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், புகைபோலப் பனிப் புகார், முகத்தில் காற்று. நாலு மாதம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தெரியாத ஆளுக்கெல்லாம் தலையாட்டினேன்.

அந்தச் சந்தோஷம் அரை மைல் போயிருக்காது. சைக்கிள் ஓடமாட்டேன் என்கிறது. மணலுக்குள் உழக்குவது மாதிரி. மிதித்தால் போகிறது, மிதியை விட்டால் யாரோ பின்னால் பிடித்து இழுத்து வைத்திருப்பதுபோல நின்றுவிடுகிறது. முறிந்த இடம் விண் விண் என்று குத்தத் தொடங்கியது. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவர்கள், கரியரில் நாலு குலை, ஐந்து குலை என்று கட்டிக்கொண்டு, என்னைக் கடந்து போகிறார்கள். பிள்ளையை முன்னுக்கு இருத்தி ஒரு ரீச்சர் போகிறா. என்னை விட இருபது வயது கூடின ஒருவர் சுருட்டைப் பற்றிக்கொண்டு கடந்து போனார், திரும்பி ஒரு பார்வையும் பார்த்தார்.

கோப்பாயில் சட்டை நனைந்துவிட்டது. எனக்கு விளங்கிவிட்டது, கால் சரிவரவில்லை. எலும்பு பொருந்தியது, பலம் வரவில்லை. இருபாலைச் சந்திக்கு வந்தபோது மணி ஏழு முப்பது. இறங்கி, ஒரு மதிலோரம் நின்றேன். மூச்சிரைப்பு அடங்கவில்லை. இன்னும் இரண்டு மைல். வரவரக் குறைகிற இந்த வேகத்தில் போனால் எட்டு மணி தாண்டிவிடும். போய் அதிபருக்கு முன்னால் நொண்டிக்கொண்டு நிற்பதை விட, இப்படியே திரும்பினால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். உங்களுக்கு என்ன சாப்பாடு போடுவது என்றும் நினைத்தேன். ஹாண்டிலை வீட்டுப் பக்கம் திருப்பியும் விட்டேன்.

அப்போது எங்கள் ஊர் வாழைக்குலை வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்தார். எனக்கு இளையவர், வாய் சும்மா இராத ஆள்.

"என்ன அண்ணை, இது பள்ளிக்கூடம் போற பக்கமோ, வீட்டை போற பக்கமோ?"

"கால் ஏலாதாம் தம்பி. திரும்பப் போறன்."

"கால் ஏலாதோ?" ஒரு காலை நிலத்தில் ஊன்றி, என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். குலைகள் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "அண்ணை, டைனமோவைக் கொண்டு வந்திட்டியள். றேடியோவை ஆர் காவிக்கொண்டு வாறது?"

குனிந்து பார்த்தேன். டைனமோ ரயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரியூப் துண்டால், நான் அவிழ்த்ததை விட இரண்டு சுற்றுக் கூட, இறுக்கிக் கட்டியிருக்கிறது. கழற்றின வயர் இரண்டும் நிலத்தில் இழுபட்டு மண்ணாகிக் கிடக்கின்றன. கிணற்றடியில் கேட்ட பாட்டு அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக ஒரு பாட்டு என்று கட்டியிருக்கிறீர்கள், அம்மா சத்தம் போட றேடியோவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள்!

வழி முழுக்க அது 'ர்ர்ர்' என்று இரைந்திருக்கும். நாலு மாதம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பின காது, அதை ஒரு சத்தமாகவே எடுக்கவில்லை.

"எங்கை, ஒரு பாட்டுப் போடுங்கோவன் அண்ணை, கேட்டுக்கொண்டு போவம்," என்றார் அவர்.

"உம்மடை குலை வெட்டுற கத்தியை எடும் முதல்!"

ரியூப்பை வெட்டி எறிந்தேன். டைனமோவைப் பின்னால் தள்ளி, வயரைச் சீற்றுக்குக் கீழே சுற்றினேன். ஏறி ஒரு மிதி மிதித்தேன். ஐயோ பிள்ளைகள்! சைக்கிள் என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. ஒரு மிதிக்கு மூன்று மரம் தாண்டுகிறது. குத்து இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேலை செய்கிற காலின் குத்து. ஏலாத காலின் குத்து வேறு.

"விடுங்கோ பாப்பம்!" என்று அவர் பின்னால் வந்தார். "நாலு குலையோடை நான், வெறுங்கரியரோடை நீங்கள். தோத்தால் சந்தையிலை சொல்லுவன்!"

"சொல்லும், சொல்லும்! முதல் பிடியும்!"

வழியில் நின்றுவிட்டுத் திரும்ப வெளிக்கிட்ட சுருட்டுக்காரரைப் பிடித்தேன். சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துத்தான் கடந்தேன், அது கொஞ்சம் அதிகம்தான். பிள்ளையை இறக்கிவிட்டுப் போன ரீச்சரையும் கடந்தேன். கல்வியங்காட்டில் குலைக்காரர் சந்தைக்குத் திரும்பினார். "அண்ணை, பின்னேரம் செய்தி கேக்க வாறன்!" என்று கத்திக்கொண்டு போனார். நான் திரும்பிக் கை காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, ஒற்றைக் கையில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று.

பள்ளிக்கூட வாசலில் மணி ஏழு ஐம்பத்தைந்து. வேம்பில் தொங்குகிற தண்டவாளத் துண்டுக்குக் கீழே கணக்கு மாஸ்ரர் இரும்புக் கம்பியோடு நின்றார். என்னைக் கண்டதும் கம்பியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாரும், உம்மடை செங்கோல். நாலு மாதமாய் நான் ஒரு கணக்கையும் ஒழுங்காய் முடிக்கேல்லை. இடைவேளையை மறந்துபோய்ப் பிள்ளையளிட்டைப் பேச்சு வாங்கினதுதான் மிச்சம்."

எட்டு மணிக்கு நான் அடித்தேன். அவ்வளவு பலமாக அந்த இரும்பு முன்பு ஒரு நாளும் அடி வாங்கியிருக்காது. வேம்பில் இருந்த காகமெல்லாம் எழும்பின.

அதிபர் விறாந்தையில் வந்து நின்று என்னுடைய காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், நனைந்த சட்டையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கடித உறையோடு வந்தார்.

"இது கந்தோருக்கு. உடனை போகவேணும்."

உறையை வாங்கினபடி கேட்டேன். "வேறை ஆள் கேட்டோ சேர்?"

"கரும்பலகைக்கு வெண்கட்டி கேட்டு," என்றார். "ஆள் எனக்கு இருக்கு. வெண்கட்டிதான் இல்லை."

அன்றைக்கு மூன்று இடத்துக்கு ஓடினேன். பின்னேரம் திரும்பி வரும்போது கால் வீங்கித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் "எப்படி அப்பா, கால் எப்படி?" என்று நீங்கள் கேட்டீர்கள், "நல்லாய் ஓடினது" என்று மட்டும் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, பாட்டை இழந்த பிள்ளைகள். அதனால் டைனமோ கதையை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் ஏன் பிந்தி வந்தேன் என்று அம்மா கேட்டா. கந்தோரில் வேலை என்று சொன்னேன். அது பொய். எங்கள் ஒழுங்கை வாசலுக்கு நான் நேரத்துக்கே வந்துவிட்டேன். வந்தும் உள்ளே திரும்பவில்லை. யாரும் என்னை எங்கேயும் அனுப்பவில்லை, கொண்டுபோகக் கடிதம் இல்லை, அந்தப் பக்கம் எனக்கு ஒரு அலுவலும் இல்லை. ஓடுகிற ஆசையில் நேரே உழக்கிக்கொண்டே போனேன். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்து முடிந்து ஈர மண் மணத்தது. எங்கள் ஊரைத் தாண்டிச் சிறுப்பிட்டியில் வீதி வெறுமையாகக் கிடந்தது. முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, முறிந்த வலது காலை நிலத்தில் ஊன்றி, முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டு, சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.