ஸிங்க் மேடைக்கு அப்பா கொடுத்த அளவு

எங்கள் ஜனக்புரி வீட்டுச் சமையலறையில் எனக்கு ஒன்பது வயதாகும்வரை ஸிங்க் என்று ஒன்று கிடையாது. மூலையில் தரையோடு ஒரு குழாய், அதன் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி, அவ்வளவுதான். அம்மா மணையைப் போட்டு அதன் முன் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். காலையில் வேலைக்கார அம்மாள் வந்துவிடுவாள் என்றாலும், ராத்திரிப் பாத்திரம் மொத்தமும் அம்மா தலையில்தான். தில்லி ஜனவரியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும். குளிர்காலம் முடியும்வரை அம்மாவின் விரல்கள் வெடித்தே கிடக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் இரண்டு கையையும் ரஜாய்ப் போர்வைக்கு வெளியே நீட்டியபடி படுத்திருப்பாள்.

"நீங்க ஒரு நாள் தேச்சுப் பாருங்க, தெரியும்" என்று அப்பாவிடம் சொல்லாத குளிர்காலம் இல்லை. அப்பா மத்திய அரசில் அதிகாரி. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். அவருடைய அலுவலகத்தில் அதற்குக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தாயிற்று என்று பொருள்.

ஒருவழியாக, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் சமையலறையை இடித்துக் கட்டத் தீர்மானமாயிற்று. அடுப்பைக் கழற்றிப் பால்கனியில் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி அனுப்பும் ராஜ்மாவும் ரொட்டியும், அது இல்லாத வேளையில் பிரெட்டும் ஜாமும் என்று எங்கள் குடும்பம் நடந்தது. எனக்குச் சொர்க்கம். அப்பாவுக்கோ ரசம் இல்லாமல் நாக்கு செத்துவிட்டது.

அடுப்பு மேடையை மிஸ்திரி ஒரு வேலை நாளில் கட்டி முடித்தார். அம்மாவை நிற்க வைத்து, அவள் இடுப்புக்குச் சற்று மேலே சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அந்த உயரத்துக்குக் கச்சிதமாகக் கட்டினார். அப்பா சாயங்காலம் வந்து பார்த்தபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. தன் வீட்டில், தன் ஒப்புதல் இல்லாமல் ஒரு மேடை எழும்பிவிட்டதே! "மீதி வேலை சனிக்கிழமை நடக்கட்டும். நான் இருப்பேன்" என்று உத்தரவு போட்டார்.

மீதி வேலை என்றால் ஸிங்க். எதிர்ச் சுவரை ஒட்டி இரண்டு குட்டைச் செங்கல் சுவர்கள், அவற்றின் மேல் கிரானைட் பலகை, பலகையில் வெட்டிய ஓட்டையில் ஸிங்க். சனிக்கிழமை காலை அப்பா ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். செங்கல்லைத் தட்டினார். சிமெண்டை முகர்ந்துகூடப் பார்த்தார். மிஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு பொதுவாகக் கேட்டார்:

"இதர் கௌன் கடா ஹோகா, ஜி?"

இங்கே யார் நிற்கப் போகிறீர்கள் என்று. அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். அப்பா எங்கள் காலனிக்கே உயரம். அம்மா அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். மிஸ்திரி சந்தேகத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"சாரே நிக்கட்டும், மிஸ்திரி. வீட்டுக்குப் பெரியவங்க இல்லையா?" என்றாள் அம்மா. மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. அது அப்பாவுக்காகச் சொன்னது. அப்பா இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தார். கோடு விழுந்தது.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அம்மாவை வைத்துப் பார்த்தால் அது கிட்டத்தட்ட அவள் நெஞ்சுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் இதைக் கவனிக்கவில்லையே என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, உனக்கு எட்டாதும்மா!"

"கீழ போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்றாள் அம்மா. "ஜல்தி."

நான் திரும்பி வந்தபோது செங்கல் பாதி ஏறியிருந்தது. சரி, சொல்லியாயிற்று, காதில் விழாவிட்டால் நான் என்ன செய்வது என்று கொத்தமல்லியைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

சிமெண்டு காய்ந்ததும் அப்பா பலகையின் பலத்தைச் சோதித்தார். முதலில் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு வெட் கிரைண்டரின் கல்லை. கடைசியில் தானே ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டி, "ஆனை ஏறினாலும் தாங்கும்" என்று சான்றிதழ் கொடுத்தார். அம்மா புது மேடையில் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள். பால் பாத்திரத்தைக் கழுவப் போனபோதுதான் வெட்டவெளிச்சமாயிற்று. நுனிக்காலில் நின்று அவள் கையைத் தூக்கினால் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கைக் கைக்குள் போயிற்று.

அப்பா மிஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினார். மிஸ்திரி பதறவில்லை. சுவரில் இருந்த பென்சில் கோட்டைக் காட்டி, பிறகு அப்பாவின் இடுப்பைக் காட்டினார். இடித்தால் கிரானைட் உடையும். அதைவிட, தான் கையெழுத்துப் போட்ட எதையும் அப்பா ரத்து செய்து சரித்திரம் இல்லை. ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள். அம்மா முனகாமல் அதன்மேல் ஏறினாள், ஒரு தள்ளாட்டம் தள்ளாடி "அம்மாடி!" என்றாள். அப்பா பாய்ந்து பிடித்தார். பிடித்தவர் அவள் கையிலிருந்த பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டார்.

வாங்கியது வாங்கியதுதான். அன்றிலிருந்து ராத்திரிப் பாத்திரம் அப்பாவுடையது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக ஸிங்க் முன்னால் நின்று, "ஸ்ஸ்ஸ்... என்ன தண்ணிடா இது!" என்று அவர் நடுங்குவதைக் கீழ்வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரரிடம் போய் உதாரணம் காட்டினாள். அந்த அங்கிள் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் கீஸர் குழாயை ஸிங்க் வரை இழுக்க வேண்டும் என்று அப்பாவே முன்மொழிந்து, அப்பாவே ஒப்புதல் அளித்து, ஒரே வாரத்தில் வேலையும் முடிந்தது. அம்மாவின் விரல்கள் ஆறி வழுவழுவென்று ஆயின. எனக்கோ அப்பாமேல் பரிதாபமும் அம்மாமேல் கொஞ்சம் கோபமும்தான். நான்தான் அன்றைக்கே சொன்னேனே, கேட்டிருக்கலாமே!

சென்ற மாதம் தில்லி துவாரகாவில் எங்கள் பிளாட்டின் சமையலறையை இடித்தோம். வேலையை மேற்பார்வை செய்ய அம்மா வந்திருந்தாள். ஸிங்குக்கு அளவெடுக்க வந்தவர் அதே கேள்வியைக் கேட்டார். என் கணவர் டேப்பும் கையுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரம் போனார். அவரும் நல்ல உயரம். "இருங்க, அங்க நிக்கப்போறது நான்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"கொஞ்சம் கொத்தமல்லி வாங்கிட்டு வாயேன்" என்றாள் அம்மா.

பையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுப்பைக் கழற்றி வைத்திருக்கிற வீட்டில் கொத்தமல்லியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜனக்புரியில் அன்றைக்கும் அடுப்பு பால்கனியில்தான் இருந்தது.

கீழே போய், அவசரமே இல்லாமல், நல்ல கட்டாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன்.