அம்மாவின் குரலில் எட்டுக் கோழிகள்

“கோழிக்கூட்டப் பூட்டத் தெரியாதவ பள்ளிக்கூடம் போயி என்னத்தக் கிழிக்கப் போறா?” என்று அத்தை கேட்டபோது எனக்குப் பத்து வயது. இன்று நான் கணிதம் படிப்பிக்கும் டீச்சர். ஆனாலும் போன வாரம், கடுகண்ணாவையில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் பின்பக்கம் கோழிகள் சிதறி ஓடும் சத்தம் கேட்டதும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்தவர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

“பிள்ளை, கெதியா வாரும்! கோழியள் எல்லாம் வெளிக்கிட்டுட்டுது!”

“நீங்க ஓடாதீங்க அன்ரி. கதிரையப் போட்டு உக்காருங்க. அதுங்களா வரும்.”

“உமக்கு இதுவும் தெரியுமோ?”

தெரியும் என்றேன், கொஞ்சம் திமிராகவே. துரத்தத் துரத்தக் கோழி தூரம்தான் போகும். அதற்கும் கூட்டு வாசலுக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் கொஞ்சம் நொய்யரிசியைத் தூவிவிட்டு, வெயில் இறங்கும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தேன். கூட்டுக்குள்ளிருந்து நனைந்த தவிட்டின் புளித்த வாடை வந்தது. அவ்வளவுதான், வத்தேகமவுக்குப் போய்விட்டேன்.

வத்தேகம சந்தைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு குசினியும் இருந்தன. அப்பா சந்தையில் மூட்டை தூக்கினார். அம்மா ஒன்பது கோழிகள் வளர்த்தாள். எங்கள் வீட்டில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது.

தமிழர் வீடுகளை எரித்த கலவரம் வந்த அன்று கடைத்தெருப் பக்கம் புகை எழும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களப் பெண், சுமனா அக்கா, எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கை காட்டினாள். “கூட்டப் பூட்டிட்டு வாடி!” என்று கத்திக்கொண்டே அம்மா ஓடினாள். எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தால் உள்ளே அடைபட்ட கோழிகள் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். பூட்டவில்லை. திறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். கதவு மட்டும் உடைந்திருந்தது. வீடு எரியவில்லை. கூட்டில் ஒரு கோழிகூட இல்லை. அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் காலை லொறியில், வடக்கே தமிழர்கள் இருக்கும் வவுனியாவுக்குப் போவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“போற எடத்துல நமக்கு வேற என்னடி இருக்கு? நீதான தொறந்த, நீயே புடிச்சுக் குடு.”

“ஆனா சத்தம் போடாத,” என்றார் அப்பா. “நாம திரும்பி வந்தது ரோட்டுக்குத் தெரியக் கூடாது.”

அதுதான் சிக்கல். அம்மா ‘பேஏஏ... பே பே பே’ என்று மூக்கால் இழுத்துக் கூப்பிட்டால்தான் எங்கள் கோழிகள் வரும். இரண்டு நாளாகச் சுமனா அக்காவின் மிளகுக் கொடிகளுக்குள் சுகமாகத் திரிந்தவை, என் கை நிறைய நொய்யரிசி இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் குந்தி, சத்தம் வராமல் அழுதேன்.

சுமனா அக்கா பார்த்துவிட்டாள். அவள் குரல் கொடுத்தால் யாரும் சந்தேகப்படப்போவதில்லையே. தங்கள் வழக்கப்படி “பக் பக் பக்” என்றாள். கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறின. வேலி இடுக்கில் வாயை வைத்து, அம்மா கூப்பிடுவதை அவள் காதுக்குள் மெல்லச் சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்தாள்.

“ஹரித, நங்கி?” சரியா தங்கச்சி என்று கேட்டாள்.

“இன்னும் இழுக்கணும் அக்கா. மூக்கால.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைச் சுளித்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, அசல் அம்மாவைப் போலவே கூப்பிட்டாள். முதலில் சேவல் ஓடி வந்தது. பின்னால் ஒவ்வொன்றாக வேலிக்கு அடியில் நுழைந்து வந்தன. எட்டு வந்தன. ஒரு வெள்ளைப் பேடு வரவே இல்லை. கூட்டைப் பூட்டிவிட்டு, பூட்டியதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். குசினிக்குள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

காலையில் எட்டுக் கோழிகளையும் கூடையில் போட்டு லொறியில் ஏற்றினார்கள். என்னை ஏற்றவில்லை.

புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும் என்று கண்டியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சோதனை முடிந்ததும் கூட்டிப் போவதாக அம்மா சொன்னாள். சோதனை முடிந்தது. நான் சித்தியடைந்துவிட்டேன், அது வேறு தொல்லை, மேலும் படிக்க வேண்டியதாயிற்று. பிறகு யுத்தம் வந்தது, பாதை மூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அந்த நேரத்தில் நான் கணக்குப் போடுவேன். என் கணிதத் திறமையின் இரகசியம் இவ்வளவுதான்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவளுடைய கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்தில் வந்தன. கோழி முட்டை இடுகிறது என்று ஒன்றில் இருந்தது. அப்பா தவறிப்போய் இரண்டு மாதம் ஆகிறது என்று இன்னொன்றில். பிறகு சில வருடங்கள் ஒன்றுமே இல்லை. போன வருடம், வவுனியாவுக்குப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் இரண்டே வரிகள். ‘சுகமா இருக்கேன். நீ வராத, பாதை சரியில்ல.’

வத்தேகமவுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் அறை இருந்த இடத்தில் சீமெந்துக் கடை ஒன்று நிற்கிறது. இராணுவத்துக்குப் போன மகன் மூடிய பெட்டியில் வந்த பிறகு, சுமனா அக்கா அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. வேலியும் இல்லை.

கல்விக் கந்தோரில், வவுனியாவுக்குக் கேட்ட என் இடமாற்றப் படிவத்தைப் பார்த்த கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

“தங்கச்சி, எழுத்துப் பிழையா? எல்லாரும் அங்கேருந்து வரத்தானே கேப்பாங்க.”

“பிழை இல்ல சேர். நான் போகத்தான் கேக்குறேன்.”

இன்று காலை பொல்காவலையில் இறங்கி, வடக்கே வவுனியாவுக்குப் போகும் ரயிலுக்கு மாறினேன். கைப்பையில் நியமனக் கடிதம் இருக்கிறது, முகாமின் பெயர் எழுதிய அந்த அஞ்சலட்டையும் இருக்கிறது. மடியில் கொப்பியை வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. மாஹோ ஸ்டேஷனைத் தாண்டிவிட்டோம்.